ஓராண்டு ஆட்டத் தடை

ஆலங்கரையின் ஆட்டமானி எண் நூற்றுக்கு எண்பத்தொன்று. ஊருக்கு வந்த கேடே அதுதான்.

பூங்கா வேண்டும், திடல் வேண்டும் என்று மனுவோடு அலைந்த காலம் போய்விட்டது. பிள்ளைகள் எல்லோருடைய மணிக்கட்டிலும் அரசு ஆட்டமானி என்று ஒரு பட்டையைக் கட்டியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு ஓடுகிறவளின் மூச்சு வேறு, பந்துக்குப் பின்னால் ஓடுகிறவளின் மூச்சு வேறு. ஆட்டமானி இரண்டையும் பிரித்துவிடும். எங்கே பிள்ளைகள் மிகக் குறைவாக விளையாடுகிறார்களோ அங்கே திடல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ஒன்றியத்தில் இருபது கிராமங்கள், நெடுஞ்சாலையோரம் மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். அத்தனைக்கும் சேர்த்து அரசு தரப்போவது ஒரே திடல். ஆலங்கரைப் பெண்பிள்ளைகள் தினமும் சாயங்காலம் சிமெண்டு நெற்களத்தில் கயிறு கட்டிக் கைப்பந்து ஆடினார்கள். வார்டு உறுப்பினர் பாண்டீஸ்வரியின் மகள் இலக்கியா அடித்தால் எடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மாவட்ட அணியில் சேர அவளுக்கு வலையும் மண்தரையும் உள்ள திடல் வேண்டும்.

திட்ட அலுவலர் சுகந்தன் திரையைக் காட்டினார். “மெம்பரம்மா, ஒங்க பிள்ளைங்கதான் நல்லா ஆடுதுங்களே. அப்புறம் திடல் எதுக்கு?”

“களத்துல கால் கிழியுது சார்.”

“மானி காலப் பாக்காதும்மா.”

பேருந்தில் திரும்பும்போதே பாண்டீஸ்வரிக்கு யோசனை வந்துவிட்டது. ஊரைக் கூட்டி அவளேதான் சொன்னாள். ஊர்க்கட்டுப்பாடு: ஒரு வருஷத்துக்கு ஆலங்கரையில் எந்தப் பிள்ளையும் பந்தைத் தொடக்கூடாது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் ராத்தங்காத ஜனங்கள் அவர்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். பந்தைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

“ஒரு வருஷமாம்மா?” என்றாள் இலக்கியா.

“ஒரே வருஷந்தான். அப்புறம் ஆயுசுக்கும் ஆடு.”

இலக்கியா கட்டுப்பாட்டை மீறவில்லை. மீறித் தொலைத்திருக்கலாம்.

காலியாகக் கிடக்கும் சாயங்காலத்தை எந்த வீடு விட்டுவைக்கும்? முதல் மாதம் பெண்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் மாதம் மடியில் மல்லிகைப் பூவும் நாரும் வந்தன. ஆறாம் மாதம் மூன்று பேரை மில் வண்டி ஏற்றிக்கொண்டு போனது. ஒருத்தியைப் பெண் கேட்டு வந்தார்கள். வேலை நேரத்தில் மகள் வீட்டில் இருப்பது எத்தனை சௌகரியம் என்று ஆலங்கரை கண்டுபிடித்துவிட்டது.

வருட முடிவில் எண் மூன்று, ஒன்றியத்திலேயே கடைசி. இனிப்பு வழங்கினார்கள். செம்மண் தரை, வலை, உயரமான விளக்குகளோடு திடல் வந்தது. திறப்பு நாளில் பந்தைத் தொட்டவர் சுகந்தன் ஒருவர்தான், அதுவும் படத்துக்காக.

பாண்டீஸ்வரி வீடு வீடாக ஏறினாள். “ஆறு மணிக்குப் பூ யாவாரி வந்துருவாரு மதினி, நாளைக்கு அனுப்புறேன்,” என்றார்கள். அந்த நாளை மூன்று மாதமாக வரவில்லை. அணியில்லாமல் இலக்கியாவும் போகவில்லை.

பிறகு சுகந்தன் ஆணையோடு வந்தார். திடல் அடுக்குமாடிக்காரர்களுக்கு மாறுகிறது. ஆலங்கரைக்கு விளையாட்டில் விருப்பமில்லை என்பதற்குப் பதினைந்து மாதச் சான்று இருந்தது.

“பொய் சார் அது. நாங்கதான் பிள்ளைகள ஆடவிடாம வச்சிருந்தோம்.”

“வாயால சொல்றத மானி ஏத்துக்காதும்மா. இன்னிக்கு ஒருத்தியாச்சும் ஆடுனான்னு பதிவானா, அத வச்சு நிறுத்தப் பாக்கறேன்.”

பாண்டீஸ்வரி வீட்டுக்கு ஓடி மகளின் மடியிலிருந்த பூவைத் தள்ளிவிட்டாள். “எந்திரி ஆத்தா. ஒனக்காகத்தான இம்புட்டும்.”

இலக்கியா மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். வலைக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தாள், அந்தப் பக்கம் நடந்து போய் எடுத்தாள், மறுபடி அடித்தாள். அடியில் பழைய வேகம் அப்படியே இருந்தது. ஆனால் அடிக்கு அடி அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து, “போதுமாம்மா?” என்றாள்.

பாண்டீஸ்வரி அவள் கையைப் பிடித்துப் பட்டையைத் திருப்பினாள்.

ஆட்டம்: இல்லை. வேலை: நாற்பது நிமிடம்.