லைன் கட் ஆகக்கூடாது

நான்காவது பெட்டியைத் தாண்டும்போது போனில் 'டக்' என்று கேட்டது, விரலை நெட்டி முறித்த மாதிரி.

லைன் கட் ஆகவில்லை, அது போதும் என்று நடந்தான். வெளியே மதிய வெயில் கொளுத்த, உள்ளே மூச்சு புகையாய் வரும் அந்தக் குளிர்கிடங்கின் கூரையில் அவனே ஏணி போட்டு மாட்டிய வைஃபை பெட்டிகள் பன்னிரண்டு. போனில் பேசிக்கொண்டே நடந்தால் ஒரு பெட்டி விடுவதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ள வேண்டும், கை மாறியது காதுக்கே தெரியக்கூடாது, நடுவில் அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று நாளாக அறுந்துகொண்டேதான் இருந்தது. மூன்று நாளாக மனைவியிடம், "நாளைக்கு வந்துடுவோம்."

எந்தப் பெட்டி பிடித்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் வைத்த திரையறையில் உட்கார்ந்து சொல்பவன் அவள் தம்பி. "பேசிக்கிட்டே வாங்க மாமா. பாட்டு மட்டும் வேணாம், பெட்டி பயந்து ஓடிடும்" என்று மூன்றாவதில் சிரித்து இருமியவன், இப்போது எண்ணை மட்டும் சொன்னான்.

"அஞ்சு, மாமா."

அவன் பக்கம் ஏதோ சொட்டியது. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"என்ன மாப்ள, வாயில கொழுக்கட்டையா? ஏதாவது பேசு."

"பாட்டு மட்டும் வேணாம், பெட்டி பயந்து ஓடிடும்."

அதே சிரிப்பு. அதே இடத்தில் அதே இருமல்.

ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதில் கறிக்கடை வாடை.

பத்தாவது பெட்டி திரையறைக் கண்ணாடிக்கு நேர் மேலே. எட்டிப் பார்த்தான்.

மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தான். காதில் போன். காதுக்குக் கீழே ஒன்றுமில்லை. பிய்ந்த தாடை, பல்லோடு, கீபோர்டின் மேல். நாக்கு மார்பில் தொங்கியது. அதன் நுனியிலிருந்து சொட்டியது.

"பத்து, மாமா. லைன் கட் ஆகல."

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். போனை வீசப் பார்த்தான். விரல் பிரியவில்லை.

போன் திரையில் மனைவியின் அழைப்பு. கத்த வாயைத் திறந்தான்.

டக்.

சூடாகக் கழுத்தில் இறங்கியது. தாடையைத் தொடப் போன கை தொண்டைக்குள் போனது.

போனில் அவன் குரல், நிதானமாக.

"முடிஞ்சிடுச்சும்மா. உன் தம்பியும் இங்கதான் இருக்கான்."

"என்னங்க, ஏதோ டக்னு கேட்டுச்சே?"

"ஒண்ணுமில்ல. கட் பண்ணிடாத. பேசிக்கிட்டே இரு."

அவள் பேசினாள். அவன் மார்பில் நாக்கு அசைந்துகொண்டிருந்தது.