பூசணிக்காய் நோட்டு

பார்வைக்கு அசல் நூறு ரூபாய் நோட்டுதான். அதே ஊதா நிறம், அதே அளவு. உற்றுப் பார்த்தால்தான் நடுவில் மீசை வைத்த பூசணிக்காய் ஒன்று சிரிப்பது தெரியும். முத்தாபுதுப்பேட்டை சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்குகிறவர்களுக்குத் தரும் கூப்பன் அது. பன்னிரண்டு சேர்த்தால் ஒரு ஜோடி ஷட்டில் பேட் கிடைக்கும்.

கிருஷ்ணப்பிரியா பல மாதமாகச் சேர்த்தாள். பன்னிரண்டாவது கூப்பன் அன்று காலைதான் கைக்கு வந்தது.

சாயங்காலம் அவள் தம்பி தினேஷ் வாயெல்லாம் ரோஸ் நிறமாக வீட்டுக்குள் வந்தான். யு.கே.ஜி. படிக்கிறவன். ஒரு கையில் பஞ்சு மிட்டாய்க் குச்சி, மறு கையில் கசங்கிய ரூபாய் நோட்டுகள்.

"ஏதுடா காசு?"

"மிட்டாய்க்காரரு குடுத்தாரு. உன் பூசணி நோட்டு ஒண்ணு குடுத்தேனா, மிட்டாயும் குடுத்து காசும் குடுத்தாரு. ரொம்ப நல்லவருக்கா."

கிருஷ்ணப்பிரியாவுக்குப் பகீரென்றது. அவன் கையில் இருந்தது எண்பது ரூபாய். தம்பியை இழுத்துக்கொண்டு மிட்டாய்க்காரரின் மணிச் சத்தம் வந்த பக்கம் ஓடினாள்.

பஞ்சு மிட்டாய் விற்கும் எத்திராஜ் அடுத்த தெருமுனையில் நின்றிருந்தார்.

"அண்ணா, இது உங்க காசு. என் தம்பி குடுத்தது ரூபா நோட்டு இல்ல, கடைக் கூப்பன்."

எத்திராஜ் சட்டைப் பையைத் துழாவி அதை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாது இது, பூசணிக்கா மீசை வச்சுகினு கீது?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட்டத்துல கவனிக்கல பாப்பா. நல்ல வேளை, காசைக் கொண்டாந்துட்டே. இந்தா, இத்த நீயே வச்சுக்கோ. கொயந்த துன்னது துன்னுட்டுப் போவட்டும்."

கூப்பன் மறுபடி அவள் கைக்கு வந்தது. இப்போது மீண்டும் பன்னிரண்டு. ஆனால் பக்கத்திலேயே தினேஷ் விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தான். அந்த மிட்டாய் இருபது ரூபாய்.

அவள் கூப்பனைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, மிட்டாய்க்குச் சர்க்கரை எங்க வாங்குவீங்க?"

"எங்கனா வாங்குவேன். ஏன்?"

"இது ஒண்ண மட்டும் சூப்பர் மார்க்கெட்ல குடுத்தாக்கூட அரைக் கிலோ சர்க்கரை தருவாங்க. பின்னாடி போட்டிருக்கு பாருங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆமா, கீது. அப்போ உனுக்கு?"

"எங்கிட்ட இன்னும் பதினொண்ணு இருக்குண்ணா. அடுத்த மாசம் அம்மா மளிகை வாங்குறப்ப ஒண்ணு வந்துடும்."

எத்திராஜ் கூப்பனை நான்காக மடித்து, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிருஷ்ணப்பிரியாவுக்கு மனசு லேசாக இருந்தது. தினேஷ் அவள் கையைச் சுரண்டினான்.

"அக்கா, இன்னும் பதினொண்ணு இருக்குல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஐஸ் வண்டிக்காரருக்கும் சர்க்கரை வேணும்லக்கா?"

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும், முதல் வேலையாக நாற்காலி மேல் ஏறி, கூப்பன்களை பீரோவின் உச்சியில் வைத்தாள்.