உப்பு தின்னாத உடம்பு

வேலாத்தாள் முந்தானையை உதறியபோது தரையில் வெள்ளையாக ஏதோ சிந்தியது. லிங்கசாமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது. சமையல் உப்பு இப்படிக் கசக்காது. சாயப்பட்டறை உப்பு.

“ஏ புள்ள, இது ஏது?”

“கோலமாவுங்க” என்றாள் மனைவி, முகத்தைப் பாராமல். தலையில் பூ வேறு. பதினைந்து வருஷமாக வைக்காத பூ.

வீரபாண்டியில் அந்தச் சாயப்பட்டறை மூடிய இந்தப் பதினைந்து வருஷமும் அவர்தான் காவல், பின்னாலேயே வீடு. உப்புக் குடோன் சாவி அவர் அரைஞாண் கயிற்றை விட்டு இறங்கியதில்லை.

அங்கே சாய மாஸ்டராக இருந்தவன் முனீஸ். தெக்கத்திக்காரன், முப்பது வயசு. வேலாத்தாள் கொண்டுபோகிற சோற்றைத் தின்றுகொண்டே கதை அளப்பான். “எக்கா, எகிப்துல ராசா செத்தா உப்புலதான் போட்டு வப்பாகளாம். ஆயிரம் வருசமானாலும் உடம்பு அழியாதாம்.” அவள் வாய் பிளந்து கேட்பாள். கட்டியவன் பேச்சை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

லிங்கசாமி அந்தக் கதையை நம்பவில்லை. தராசுத் தட்டு, ஆணி, ஷட்டர் என்று இரும்பையே தின்கிற உப்பு, ஆளை மட்டும் விட்டுவைக்குமா? பட்டறை மூடிய வாரம் முனீஸின் கழுத்தை நெரித்து, இரண்டு கைகளையும் பனியன் துணியால் முதுகுப்பக்கம் இறுக்கிக் கட்டி, குடோனில் உப்புக் குவியலின் அடியில் புதைத்தார். சொந்த ஊருக்குப் போய்விட்டான் என்று அவளிடம் சொன்னார்.

முந்தானையில் உப்பு சிந்திய அன்று மத்தியானம் அவள் வீட்டில் இல்லை. குடோன் பக்கம் போனார். தகரக் கதவின் அடிப்பாகத்தை உப்பு தின்று ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. உள்ளேயிருந்து பழைய சாயநெடியோடு மல்லிகை வாசமும், சீப்பு முடியில் இறங்குகிற சரக், சரக் சத்தமும் வந்தன.

சத்தம் நின்றது.

பூட்டைத் திறந்தார்.

முனீஸ் உப்பின்மேல் கிடந்தான். எலும்போடு ஒட்டிக் கருவாடாய்க் காய்ந்த தோல். அதே மீசை. வகிடெடுத்துச் சீவிய அதே சுருட்டை முடி. நகக்கண்ணில் அதே நீலச் சாயம்.

ஒரு நரை இல்லை.

பயத்துக்கு முன்னால் லிங்கசாமிக்கு வயிறு எரிந்தது.

பக்கத்தில் வேலாத்தாள் படுத்திருந்தாள். மார்புவரை உப்பு.

“பாத்தீங்களா? அன்னிக்கி இருந்தாப்புலயே இருக்கறாரு. நீங்கதானுங்க கெழவனாயிட்டீங்க.”

“எந்திரிடி!”

“வர்லீங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க.”

இழுக்கக் குனிந்தார்.

பனியன் துணி உப்பின்மேல் கிடந்தது. அவர் போட்ட முடிச்சு. அவிழவில்லை. உள்ளே கை இல்லை.

காய்ந்த கை ஒன்று அவள் தலைக்கு அடியில்.

இன்னொன்று, துப்பட்டியை இழுத்துப் போர்த்திவிடுவதுபோல, மெல்ல, மெல்ல, உப்பை அவள் கழுத்துவரை ஏற்றிக்கொண்டிருந்தது.