விடை வராவிட்டால்

உயிர்நூல் அன்று காலையும் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. ஜசிந்தா கைப்பலகையை ஆதாரநூல் தேர்வுக் குழுவின் மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"பாருங்க சார். நேத்து இருந்த வரி இன்னிக்கு இல்ல. பழைய அச்சுப் புத்தகத்தையே ஆதாரமா வைங்க."

தூத்துக்குடியில் துறைமுகப் பளுதூக்கி முதல் ஆஸ்பத்திரிக் கதவு வரை எல்லாம் ஒரே தொகுப்பியை நம்பி ஓடின. மனிதர் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவது அது. ஒரு வரிக்கு என்ன பொருள் என்று சண்டை வந்தால், ஆதாரநூல் சொல்வதே தீர்ப்பு. ஆதாரநூலாக இருந்த உயிர்நூலோ தொகுப்பி செய்வதைக் கவனித்து, அதற்கேற்பத் தன்னையே மாற்றி எழுதிக்கொள்ளும். அதனால் அதில் பிழையே இருக்காது.

அவள் கணவன் ரூபன் சிறைக்குப் போனது அதனால்தான். கருவியிடமிருந்து விடை வராவிட்டால் ஆபத்து என்று பொருள். இதை நூலில் படித்துத்தான் அவன் பளுதூக்கிக்கு நிரல் எழுதினான். பிறகு எப்போதோ தொகுப்பி அதையே 'பத்திரம்' என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. நூலும் சத்தமில்லாமல் மாறியது. காற்றுமானி பழுதாகி விடை வராத ஒரு பகலில், பலத்த காற்றிலும் பளுதூக்கி நிற்கவில்லை. சரக்குப் பெட்டகம் விழுந்து ஒருவர் செத்தார். நீதிமன்றத்தில் நூலைத் திறந்தார்கள். ரூபன் எழுதியது தப்பு என்றது அது.

"அச்சுப் புத்தகம்னா சீக்கிரம் பழசாயிடுமேம்மா" என்றார் குழுத் தலைவர் அருமைநாயகம்.

"ஆகட்டும்! தராசே படிக்கல்லை மாத்திக்கிட்டிருந்தா அந்தக் கடையில மீன் வாங்குவீங்களா? ஒரு எழுத்தைக்கூட யாரும் தொட முடியாத புத்தகம் வேணும். தொகுப்பி அதுக்கு அடங்கட்டும்."

கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினாள். செத்தவரின் மனைவியையே அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்தாள். கடைசியில், விடை வராவிட்டால் ஆபத்து என்றே இருந்த பழைய அச்சுப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதை மாற்றுவது குற்றம் என்று சட்டமும் வந்தது. ரூபன் நிரபராதி என்று தீர்ப்பானது.

விடுதலையன்று சிறைக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபன் பையோடு நின்றான்.

"என்ன சார் இது?"

"அவர் மேல குத்தமில்லைன்னு பதிவை அழிச்சாச்சும்மா" என்றார் சிறை அதிகாரி. "கதவு பதிவேட்டுல அவர் பேரைக் கேக்குது, விடை வரல. முன்னே அப்படின்னா பத்திரம்னு திறந்துடும். இப்போ அச்சுப் புத்தகப்படி ஆபத்துன்னு பூட்டிக்குது."

"நிரலைத் திருத்த வேண்டியதுதானே?"

"திருத்துவாங்க. ஊர்ல இருக்கற எல்லா நிரலையும் திருத்தணுமே. ஆஸ்பத்திரிக் கதவுங்க முதல்ல. இதுக்கு எப்போ முறை வருமோ."

ஜசிந்தா கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

"அதுவரைக்கும் புத்தகத்துல அந்த ஒரே ஒரு வரியை மாத்துங்களேன்யா!"

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ரூபனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் ஏன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள் என்று அவனுக்குப் புரியவில்லை.