புரோட்டியஸின் மறுபாதி

அந்தத் துணைக்கோளில் ஒரு ரோமம் முளைத்திருந்தது.

திரையில் ஒட்டிய தூசியாக இருக்கும் என்று சிவகணேஷ் சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. மவுஸை நகர்த்தி, நெப்டியூனைச் சுற்றும் அந்தக் கோணல்மாணலான உருண்டையைக் கொஞ்சம் திருப்பினான். பள்ளங்களோடும் மேடுகளோடும் ரோமமும் சேர்ந்து திரும்பியது. அப்படியானால் அது திரையில் இல்லை, புரோட்டியஸின் மேலேயே இருக்கிறது. மெலிதாக, கறுப்பாக, நுனியில் லேசாக வளைந்து. காலையில் பார்த்தபோது இல்லை.

ஸ்கேன் செய்யும்போது விழுந்திருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டான். சொன்னதும் முகம் சூடாகிவிட்டது. ஸ்கேன் என்ற சொல்லை அவன் மனசுக்குள்கூட எடுப்பதில்லை.

விண்கலம் ஓட்டிப் பழகும் அந்த மென்பொருளை, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பன் உமர் பாரூக் சிடியில் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பெரிய கோள்கள் எல்லாம் அதில் இருந்தன, புரோட்டியஸ் இல்லை. நாமே சேர்த்துக்கொள்ளலாம். அளவையும் சுற்றுப்பாதையையும் கணக்குப் போட்டுக் கொடுத்து, மேலே போர்த்த ஒரு படமும் கொடுத்தால் போதும். சிக்கல் அங்கேதான். எண்பத்தொன்பதில் அந்தப் பக்கம் போன விண்கலம் ஒரு பாதியைத்தான் ஒழுங்காகப் படம் பிடித்தது. மறுபாதியை யாரும் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல ஒரு பௌதிக வாத்தியாருக்கு எங்கே வாய் வருகிறது! ஆற்று மணலைப் படம் எடுத்துப் போர்த்திப் பார்த்தான், குறுக்குத்துறைப் பாறையைப் போர்த்திப் பார்த்தான். மணல் மணலாகவே தெரிந்தது, பாறை பாறையாகவே தெரிந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், அக்கா பிரம்மநாயகி பத்தமடைப் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வலி மாத்திரை போட்ட தூக்கம். இவன் பரீட்சைக்குப் படித்த காலத்தில், இவனுக்குப் பால் காய்ச்சும்போது ஸ்டவ் வெடித்து வெந்துபோன இடது பக்கம் மேலே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு தழும்பின் ஓரத்திலும் நிழல் கட்டியிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு கையால் உருட்டும் ஸ்கேனரை எடுத்து வந்து, நெற்றியிலிருந்து தோள்வரை பைய உருட்டினான். அதன் பச்சை வெளிச்சம் அவள் மூடிய இமையின் மேல் ஊர்ந்தது. அவள் விழிக்கவில்லை.

புரோட்டியஸைப் பார்த்த எல்லாரும் அந்த மறுபாதியைத்தான் மெச்சினார்கள். எப்படிய்யா இவ்வளவு தத்ரூபமாக வந்தது என்று கேட்டார்கள். எல்லாம் கணக்குதான் என்றான். இப்போது கல்லூரி முதல்வர் ஆவுடைநாயகம் ஒரு பத்திரிகைக்காரரையும் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்க வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஆள் வந்தால் அக்கா அரங்குக்குள் போய்விடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் பித்தளைப் பானைகளும் இருக்கிற அந்த ஜன்னலில்லாத உள்ளறைக்குள் அவள் போனதும், அம்மா வெளியே கொண்டியைப் போடுவாள். வந்தவர்கள் யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்பதற்காக என்று பேர். இன்றைக்கு அம்மா நாங்குநேரிக்குப் போயிருந்ததால் கொண்டியை இவனே போட்டான். கதவைச் சாத்துமுன் அவள் கேட்டாள்.

"ஏலே, ஊரே பாக்கு. நானும் ஒரு தடவ பாக்கட்டா?"

"வந்தவுக போன பொறவு பாக்கலாம்க்கா."

இதையே பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. ஆனால் தன் முகத்தை விரலால் தினமும் தடவுகிறவள். பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவள் பார்க்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெளியே ஐப்பசி மழைக்கு மூடிக்கொண்ட வானம், பொழுது சாய்வதற்குள்ளேயே கூடத்தை இருட்டாக்கியிருந்தது. வண்ணார்பேட்டைப் பக்கம் பஸ்கள் ஹாரன் அடிப்பது ஈரக்காற்றில் மங்கலாக வந்தது, தலைக்கு மேலே மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிறீச்சிட்டது, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சூடான தகரத்தின் வாடை வந்துகொண்டே இருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு முறை இறங்கிப் பார்த்துவிடலாம் என்று விண்கலத்தை மறுபாதியின் மேல் கொண்டுவந்தான். கலத்தின் நிழல் தழும்புகளின் மேல், அதாவது பள்ளங்களின் மேல், நகர்ந்தது. நிழல் போன வழியெல்லாம் தரை பொடிப்பொடியாகச் சிலிர்த்து எழுந்தது.

அவன் கை நின்றது.

அரங்குக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "லே, என்னமோ சில்லுன்னு வருது."

"மழைக்காத்துக்கா."

ஜன்னலில்லாத அறைக்குள் என்ன காற்று? நிழலை நகர்த்தினான். சிலிர்ப்பு அடங்கியது. உள்ளே பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டு, கலத்தைக் கீழே இறக்கினான். தரை நெருங்க நெருங்க, வேகத்தைக் குறைக்க என்ஜினை எரிக்க வேண்டும். விசையை அழுத்தினான். மஞ்சள் ஜ்வாலை கீழ்நோக்கிப் பாய்ந்தது.

"எரியுதுலே!"

விரலை எடுத்தான்.

"கன்னம்... என்னமோ தீய வச்ச மாதிரி... இப்ப இல்ல. இப்ப இல்லலே."

கூடத்தில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதற்கு அடியில் கரிந்த முடியின் வாடை. இந்த வீட்டில் ஸ்டவ் இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று.

அதோடு அவன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பௌதிகம் படித்தவன் ஒரு தடவை நடந்ததை நம்ப மாட்டான், இன்னொரு தடவை செய்து பார்ப்பான். அவன் அக்காவுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் அந்த விசையை மறுபடியும் அழுத்தினான்.

இந்த முறை உள்ளே பித்தளைப் பானை ஒன்று உருண்டு விழுந்தது. நகம் கதவைப் பிறாண்டியது. திரையில் ஜ்வாலை பட்ட இடம் சிவந்தது. உப்பியது. நீர் கோத்தது.

"தம்பி... என்னலே செய்யுத?"

சொல்லிவிடலாம். கதவைத் திறந்து காலில் விழலாம். உன் முகத்தைத் திருடிவிட்டேன் அக்கா என்று ஒரே ஒரு வாக்கியம். வெட்கம் விடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம்.

அழித்துவிட்டால்? படத்தை அழித்துவிட்டால் அவளுக்கும் வலிக்காது, அவனும் மாட்டிக்கொள்ள மாட்டான். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் முதலில் நினைத்தான். கோப்பைத் தேடி எடுத்தான். அழிக்கவா என்று கேட்டது. ஆம்.

புரோட்டியஸின் மறுபாதி மறைந்தது. படம் இல்லாத இடத்தில் மென்பொருள் தானாகவே சாம்பல் நிறத்தைப் பூசியது. பள்ளம் இல்லை, மேடு இல்லை. சிமெண்டுத் தரைபோல வழவழவென்று ஒரு பாதி.

அரங்கில் சத்தம் நின்றது.

பிறகு உள்ளே யாரோ சிரித்தார்கள். அக்காதான். அவள் சிரித்து அவன் எவ்வளவோ காலமாகக் கேட்டதில்லை.

"எரியலலே. எங்கனயும் எரியல. இழுத்துப் பிடிக்கவும் இல்ல. கைய வச்சுப் பாத்தேன், வழுவழுன்னு இருக்குலே!" சொற்கள் வாயின் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் நசுங்கி வந்தன. "ஆளு வந்துட்டாவளா? கதவத் தொற. நானே போய்க் கூப்பிடுதேன்."

வாசற்கதவைத் தட்டினார்கள். "சிவகணேஷ்! இருக்கீரா வே?"

உள்ளேயும் தட்டினாள். "வெரசா தொறலே."

கொண்டியை எடுத்தான்.

அவள் முந்தானையைத் தலையில் போடாமல் வெளியே வந்தாள். வலது கண் ஈரமாக மின்னியது. மூக்கின் நடுவோடு ஒரு கோடு இறங்கியது. அதற்கு இடது பக்கம் முழுக்கச் சாம்பல். தழும்பு இல்லை. புருவம் இல்லை. கண் இருந்த குழிகூட இல்லை. காது இல்லை. நெற்றியிலிருந்து தோள்வரை நிழல் விழாத ஒரே சாம்பல்.

"எப்படிலே இருக்கு?"

அவளைப் பிடித்து உள்ளே தள்ளத்தான் அவன் கை முதலில் எழுந்தது. இப்போதும் அதுதான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, பாசமாக ஒரு தடவை அழுத்திவிட்டு அவனைத் தாண்டி நடந்தாள். வாசற்கதவின் தாழை அவளே நீக்கினாள். மழைக்கு முந்திய வெள்ளை வெளிச்சம் அவள் மேல் முழுசாக விழுந்தது.

"வாங்க," என்றாள், மிச்சமிருந்த பாதி உதட்டால் சிரித்தபடி.