முகத்தை அப்படியே விடவும்

அழிந்துபோன திருநீற்றை ஷார்மைன் மறுபடியும் பூசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் மழையோடு உள்ளே வந்தான்.

பூசியது கணினித் திரையில். மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, தாய்மாமனுக்கு... கல்யாணப் படங்களை மொத்தமாகத் திருத்தும் மென்பொருள், முகத்தில் உள்ள கறைகளை நீக்குகிறேன் பேர்வழி என்று எல்லோர் நெற்றியையும் துடைத்து வைத்திருந்தது. ஆல்பம் மறுநாள் போக வேண்டும். ஸ்டூடியோ முதலாளி சபாபதி சாப்பிடப் போயிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் மதிய மழை பிடித்துக்கொண்டால் சாப்பிடப் போனவர்கள் லேசில் திரும்புவதில்லை.

“சாரி லா... மழை விட்டதும் போயிடுறேன்.”

நனைந்த முடி. நெஞ்சோடு அணைத்த லேப்டாப் பை. கன்னத்தில் அம்மைத் தழும்புகள். கண்கள் மட்டும்... சரி, கண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஷார்மைன் அதைக் கவனித்தாள். கவனித்ததை உடனே மறந்துவிடவும் தீர்மானித்தாள்.

“தரை வழுக்கும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க.”

உட்காராமல் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்தான்.

“ஒவ்வொரு நெத்தியா கையால போடுறீங்களா? ஒண்ணைப் போட்டு காப்பி பண்ணிடலாமே?”

“மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் கை நடுங்கும் போல. அவர் பூசினது கோணலா இருக்கு. நேராக்கிட்டா அது அவர் நெத்தியா?” அவள் திரும்பவில்லை. “எல்லாம் இந்த சாப்ட்வேர் பண்ண வேலை. கேக்காம முகத்தைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை எழுதிட்டேன்! ஒவ்வொரு தடவையும் ஐவன்னு எவனோ ஒருத்தன்... ‘உங்கள் யோசனைக்கு நன்றி, தற்போது திட்டத்தில் இல்லை’ன்னு பதில் போடுறான். கையில மட்டும் கிடைச்சான்னா...”

பின்னால் லேப்டாப் பை ஸ்டூலில் இறங்கும் சத்தம் கேட்டது.

“கிடைச்சிட்டேன்,” என்றான் அவன்.

பெட்டாலிங் ஜெயாவில் அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்கும் மாற்றங்களைப் படித்து, ஆகும், ஆகாது என்று முடிவு சொல்வது அவன் வேலை. அதை அவன் சொன்ன தோரணையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“நிறைய பேர் கேட்டாதாங்க செய்வோம். திருநீறுன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. நான் சர்ச்சுக்குப் போற ஆளு... எனக்குத் தோணவே இல்ல.”

“நானும்தான் சர்ச்சுக்குப் போறேன். அதுக்காக அந்த அங்கிள் நெத்தியைத் துடைச்சிடலாமா?”

மழை விட்டது, போனான். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்... அவளும் அப்போதுதானா நிமிர வேண்டும்?

அடுத்த வாரம் மறுபடி வந்தான். அன்று மழை இல்லாததால் ஒரு சாக்கு தேவைப்பட்டது.

“உங்களுக்கு என்னென்ன வேணும்னு கேக்க வந்தேன்.”

“கேட்டா செஞ்சிடுவீங்களா?”

“கேளுங்க, பாப்போம்.”

“தாலி கட்டுறப்ப பின்னாடி சாப்பாட்டுத் தட்டோட நிக்கிற அங்கிளைக் காணாம ஆக்கணும். கண்ணை மூடின ஆன்டிக்குக் கண்ணைத் திறந்துவிடணும். அப்புறம்... மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிற பொண்ணைச் சிரிக்க வைக்கணும்.”

“முதல் ரெண்டும் செய்யலாம். மூணாவது மாப்பிள்ளை பாத்துக்க வேண்டிய வேலை.”

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் அவனுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அவளே சொன்னாள். கிள்ளானில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அத்தை அனுப்பிய படத்தில் அவள் வெளுப்பாக இருந்தாள்; தாடை மச்சத்தைக் காணோம். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போய்விட்டார்கள். ஷார்மைன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஐவன் சிரிக்கவில்லை.

தன்னை உள்ளபடியே பார்த்து ஒருவன் வர வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்த ஒருவன் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறானோ என்ற சந்தேகத்தையும் சொல்லவில்லை.

அடுத்த முறை அவன் ஓட்டமாக வந்தான். கைப்பேசியில் அவளை ஒரு படம் எடுத்தான், லேப்டாப்பில் ஏற்றினான்.

“புதுசு! இன்னும் வெளியில விடல. திருநீறு, பொட்டு, எதையும் தொடாது. உங்க மூக்குத்தியைப் பாருங்க... அப்படியே இருக்கு!”

மூக்குத்தி இருந்தது. மச்சம் இல்லை. அத்தை அனுப்பிய அதே வெளுப்பு.

“இது யாரு?”

“நீங்கதான்...”

எல்லாம் கேட்டிருந்தும் இவனுக்குத் தெரியவில்லை. இதற்கு அத்தையே தேவலை.

“வெளியில மழை இல்ல. கிளம்பலாம்.”

பிறகுதான் அவன் படத்தை உற்றுப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. அதற்கப்புறம் அவன் அனுப்பிய எந்தச் செய்திக்கும் அவள் பதில் போடவில்லை. மன்னித்துவிடலாம் என்று மனம் சொன்ன நாட்களில்கூட, கைப்பேசியை எடுக்க வறட்டு கௌரவம் விடவில்லை.

ஒரு காலையில் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. திறந்ததும் புதிதாக ஒரு வரி, ஏற்கெனவே டிக் போட்டபடி: முகத்தை அப்படியே விடவும். ஷார்மைன் ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தாள். திருநீறு, தழும்பு, மச்சம், நிறம்... எதுவும் மாறவில்லை. சந்தோஷமாக இருந்தது. அப்போதும் அவள் போன் செய்யவில்லை.

மதியம் மழையில் அவனே வந்தான். தேய்த்த சட்டை, தலை மட்டும் நனைந்து.

“ஒரு படம் எடுக்கணும். பொண்ணு வீட்டுக்கு அனுப்ப.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராவை எடுத்தாள். எடுத்து முடித்தாள். திரையில் அவன் முகம் வந்தது.

“தழும்பை எடுத்துடவா?”

“வேணாம். படத்தைப் பாத்து, என்னைப் பாத்து, தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்கன்னா?”

அவள் கை நின்றது. “பொண்ணு... எந்த ஊரு?”

“கிள்ளான். தாடையில ஒரு மச்சம் இருக்கும். ஒருதடவை அதைப் பாக்காம விட்டுட்டேன். அன்னையிலேர்ந்து வேற எதையும் பாக்க முடியல, ஷார்மைன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இப்படியே.”

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் படத்தைத் திருத்தாமலே அச்செடுத்தாள். உறையில் போட்டாள். அவனிடம் நீட்டாமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“அனுப்ப வேணாம். நானே கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டுறேன்.”

“அப்படின்னா...?”

“எனக்கும்தான்... நீங்க நனைஞ்சு வந்த அன்னைக்கே.” சொல்லிவிட்டு அவசரமாகத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க. தேத்தண்ணியோட எழுந்துடக் கூடாது. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”