இறுதிப் போட்டிக்கு வந்த டாக்டர்

"ஹலோ... உங்களைத்தான்! அந்த நாற்காலியில இருந்து எழுந்திரிங்க. அது டாக்டர் உக்கார்ற இடம்."

காதில் ஒரு போன், கையில் இன்னொரு போன், முகமெல்லாம் மழை. இந்தக் கோலத்தில் கத்தியவள் தேசியப் பல்கலைக்கழக ரக்பி சங்கத்தின் செயலாளர். மைதானத்து ஓரக் கூடாரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவன் நிதானமாக நிமிர்ந்து பார்த்தான்.

என்ன கண்கள் அவை... மழை கழுவிவிட்ட கண்ணாடிச் சன்னல் மாதிரி... சீ, இப்போது கண்ணா முக்கியம் என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஏன், டாக்டர் வரலையா?" என்றான்.

"வழக்கமா வர்றவருக்குக் காய்ச்சல். வேற ஆளை அனுப்புறேன்னாரு. அந்த மகராசன் எங்க சுத்திக்கிட்டு இருக்காரோ! டாக்டர் இல்லாம ஆட்டம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு விதி. அந்த விதியை எழுதினதே நான்தான். இருக்கிற டென்ஷன்ல நீங்க வேற..."

"அந்த மகராசன் இங்கதாங்க உக்காந்திருக்கான். நீங்கதான் எழுப்பி விடுறீங்க."

"சாரி" என்று முணுமுணுத்தாள். சங்கத்தின் மருத்துவப் பையை அவன் மடியில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் தப்பித்தாள். பின்னால் அவன் சிரிப்பது கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது...

சிரிப்பை ரசிக்கும் நாளா இது? சங்கத்தின் தலைவர் அவளுடைய அப்பா. இறுதிப் போட்டியில் ஆடும் அணிகளில் ஒன்றுக்குத் தலைவன் அவளுடைய தம்பி. 'குடும்பச் சங்கம்' என்று ஆகாதவர்கள் வாயைத் திறந்தால் பேசுவார்கள். அதுவும் இன்று முன்வரிசையில் தேசிய அணியின் தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தன் காலத்தில் எட்டாமல் போன தேசிய அணிச் சட்டையை மகன் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் உயிர் ஆசை. அவளோ ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணை மூடிக்கொள்வாள். சங்கத்தை நடத்துகிறவள் ஆட்டத்தைப் பார்க்கப் பயப்படுகிறாள் என்று வெளியே சொல்ல முடியுமா?

இரண்டாம் பாதியில் அது நடந்தது. பந்தை அணைத்தபடி ஓடிய தம்பியை இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தார்கள். ஒருவனுடைய முட்டி அவன் தலையில் இடித்தது. விழுந்தவன் எழுந்தான். சிரித்தான். ஆனாலும் நடுவர் அவனை வெளியே அனுப்பினார். தலையில் அடிபட்டால் டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் திரும்பவும் ஆடலாம்.

அவள் கூடாரத்துக்கு ஓடினாள். தம்பி ஒற்றைக் காலில் நின்று காட்டினான், தள்ளாடவில்லை. டாக்டர் பையிலிருந்த ஞாபகச் சோதனைத் தாளைப் பார்த்துப் படித்தான்.

"முட்டை, சன்னல், கம்பளி, யானை, சீப்பு. திருப்பிச் சொல்லுங்க."

"முட்டை, சன்னல், கம்பளி, யானை, சீப்பு!"

கடகடவென்று ஒரு ராகத்தோடு சொன்னான். அவளுக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது. அந்த ராகம் அவளுக்குத் தெரியும்... வீட்டில் குளிக்கும்போது தம்பி பாடும் ராகம்! வருடம் முழுக்க எல்லா ஊர் ஆட்டங்களுக்கும் அதே ஒரு தாளைத்தான் அவளுடைய அலுவலகம் நகல் எடுத்து அனுப்பியது. புதிய வார்த்தைகள் போட வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள்தான் தள்ளிப் போட்டாள். பையன்கள் அதற்குள் பாட்டாகவே கட்டிவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

டாக்டர் நடுவரைப் பார்த்துச் சரி என்று கையைத் தூக்கப் போனான். தம்பி ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டர்! வேற வார்த்தை கேளுங்க. இது எல்லாருக்கும் மனப்பாடம். தப்பு என்னோடது."

"அக்கா! உனக்கு என்ன பைத்தியமா?"

கூடாரத்துக்குள் நுழைந்த அப்பா அவளை ஓரமாக இழுத்தார். "செயலாளரே, என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இது வெளிய தெரிஞ்சா இந்த வருஷம் நடந்த பரிசோதனை அத்தனையும் பொய்னு ஆயிடும். சங்கத்தை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"மூடிடலாம்பா," என்றாள். குரல் உடைந்தது. "அவன் தலையைவிடச் சங்கம் எனக்குப் பெரிசு இல்ல."

டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டுத் தம்பியின் முன் குனிந்தான்.

"படகு, மெழுகுவத்தி, கொக்கு, தலையணை, மணி. சொல்லுங்க தம்பி."

"படகு..." தம்பி சிரித்தான். "படகு... முட்டை..." சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்கள் அங்குமிங்கும் தேடி, கடைசியில் அவளிடம் வந்து நின்றன. "அக்கா... நீ சொல்லேன்."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் தம்பியோடு அவள் போனாள். ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தபடியே அந்த மாலை நகர்ந்தது. கடவுளே, அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது... ஆட்டம் முடிந்ததும் டாக்டர் நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தான். நேரே உள்ளே போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள்.

"மூளை ஓரத்துல லேசான ரத்தக்கசிவு. ஆபரேஷன் தேவைப்படாதுன்னு இங்க உள்ளவங்க சொல்றாங்க. தூங்குறான். ஆனா இன்னொரு அடி விழுந்திருந்தா..." அவன் முடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். "நான் அனுப்பியிருப்பேங்க. கையைத் தூக்கப் போனேன்."

"தாளைக் கொடுத்தது நான்."

"சரி, பழியைப் பாதிப் பாதியா வச்சுக்குவோம்."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா எங்க? என்மேல கோபமா இருப்பாரு."

"எதிர் அணிக்குக் கோப்பையைக் கொடுத்துட்டு மைக்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பரிசோதனை அத்தனையும் புதுசா நடத்துவோம்னு சொன்னாரு. தேர்வாளர்கள் முன்னாடியேதான். சொல்லும்போது அழுதுட்டாரு. அந்தப் பக்க வாசல் வழியா வந்து, இப்போ உள்ள உங்க தம்பி காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

சன்னலுக்கு வெளியே மழை இன்னும் விடவில்லை. அவன் எழுந்தான். அய்யோ, போகிறானே... ஒரு நாள் வேலைக்கு வந்தவன். போனால் போனதுதான். சங்கத்தையே மூடலாம் என்று சொன்ன வாய்க்கு இதைச் சொல்லத் தைரியம் இல்லையா?

"நாளைக்கு வருவீங்களா?"

"தம்பியைப் பாக்கவா? இங்கயே நல்ல டாக்டருங்க இருக்காங்க."

"தம்பியைப் பாக்க இல்ல..."

"பின்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சூடேறியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு இருக்கிற நிலைமையில இதைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. பயமாவும் இருக்கு."

அவன் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"எனக்கும்தாங்க," என்றான். "ரெண்டுமே."